கூலியும் ஊதியமும்

மட்டக்களப்பு நாட்டில் 'வேளாண்மை' என்றால் நெற்பயிர். வயலுக்குச் செல்பவரை எதிர்ப்பட்டவர், "வேளாண்மை எப்படி?" என்றே நலம் வினவுவர். வேளாண்மை வெட்டு, வேளாண்மைக் காவல் என்பன படுவான்கரையிற் சிறு பிள்ளைகளும் அறிந்த தொடர்கள். ஆயின், வள்ளுவர் அச்சொல்லை ஆண்ட இடங்களை நோக்கினால் பொருள் வேறாய் இருக்கக் காண்கின்றோம். விருந்தோம்பல், ஒப்புரவறிதல் என்னும் அதிகாரங்களிலே வேளாண்மை என்பது பிறர்க்கு உபகாரஞ் செய்தலாகும். பரிமேலழகரும் அவ்வாறே உரை கண்டார். நெல்லை விளைவித்தலும் பிறர்க்கு உதவுதலும் ஒரே சொல்லில் அடங்கியதை வெறும் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. விளைவிப்பவன் தன் வயிற்றுக்கு மட்டும் விளைவிப்பதில்லை அன்றோ?

இன்னொரு சொல்லையும் எடுத்துக்கொள்வோம். 'ஊதியம்' என்பதை இன்று நாம் மாதச் சம்பளம் என்னும் பொருளில் வழங்குகின்றோம். வள்ளுவர்க்கு ஊதியம் என்பது இலாபம். முதல் உள்ளவனுக்கே அது உண்டு. முதல் இல்லாதவனுக்கு இல்லை. கூலி என்னும் சொல்லும் அவர் கையாண்டதே. உடலை வருத்தி முயன்றவனுக்கு அம்முயற்சியின் அளவுக்குக் கிடைப்பது கூலி. கூலி, வேலை முடிந்த அன்றே கணக்குத் தீர்ந்துபோவது. ஊதியம், இட்ட முதலின்மேல் நாளடைவில் வளர்வது. இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கப் பழகிவிட்டால், தொண்டு செய்வதாற் செய்பவனுக்கு என்ன பயன் என்ற கேள்விக்கு விடை காண்பது எளிதாகும்.

இக்கேள்வி இன்று நம் மாணவரிடையே பலமாக எழுகின்றது. சம்பளமில்லாத வேலைக்குச் செல்பவன் பிழைக்கத் தெரியாதவன் என்பர் ஒரு சாரார். "சான்றிதழ் தருவார்களா?" என்று கேட்டுவிட்டுத் தொண்டுக்கு வருவர் மற்றொரு சாரார். முன்னவர் ஊதியத்தை அறியாதவர். பின்னவர் கூலியையே ஊதியமென மயங்கியவர். இருவரையும் கடிந்து பயனில்லை. நம் நாட்டிலேயே கண்முன் உள்ள சான்றுகளைக் காட்டுதலே தக்கது.

களரியிற் கற்றவர்கள்

வாவியின் இரு கரைகளிலுமுள்ள ஊர்களில் வடமோடிக் கூத்தும் தென்மோடிக் கூத்தும் பழகப்படுவதை நாம் அறிவோம். பகலெல்லாம் வயலில் நின்றவர், வலை வீசியவர், விறகு வெட்டியவர், இரவிலே அண்ணாவியார் முன் கூடுவர். மாதக் கணக்காக ஆட்டமும் பாட்டும் பழகுவர். சதங்கை அணிந்து, அரங்கேற்றம் முடிந்து, வீட்டுக்கு வீடு ஆடி ஓயும்வரை ஆடுவோர்க்குக் கூலி இல்லை. உடுப்புக்கும் பிற செலவுக்கும் தம் கைப்பொருளையே இடுவர். எழுத்தறியாத ஒருவர் நூற்றுக்கணக்கான பாட்டுக்களை மனனஞ் செய்து, தாளம் பிசகாமல், விடியும்வரை களரியில் நின்று பாடுகின்றார் என்றால், அந்நினைவாற்றலும் அச்சபைத் துணிவும் எந்தப் பாடசாலையில் அவர்க்குக் கிடைத்தவை? கூலி பெறாத அவ்விரவுகளே அவர்க்குப் பாடசாலை.

1960ஆம் ஆண்டுகளிற் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராயிருந்த சு. வித்தியானந்தன் இக்கூத்தைக் கற்றோர் அரங்குக்குக் கொணர்ந்தார். 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியன பல்கலைக்கழக மாணவர்களாலே ஆடப்பெற்றன. அம்மாணவர் எவர்க்கும் அது பாடத்திட்டத்தின் பகுதியன்று, புள்ளியுமில்லை, பணமுமில்லை. அவற்றிலே தலைமைப் பாத்திரமேற்று ஆடிய மட்டக்களப்பு மாணவர் சி. மௌனகுரு, பின்னாளில் மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார். கிழக்குப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகவும் விளங்கினார். மாணவப் பருவத்தில் ஓய்வுநேரத்திற் காலிற் கட்டிய சதங்கை, வாழ்நாள் முழுதுக்குமான துறையைக் காட்டிற்று. இதனை முன்கூட்டிக் கணக்கிட்டு அவர் களரி ஏறியிருக்க முடியாது. ஊதியத்தின் இயல்பு அது: இட்டபோது தெரியாது, விளைந்தபோதுதான் தெரியும்.

இவ்வாறே, மட்டக்களப்பைப் பற்றி இன்று நாம் எடுத்தாளும் அடிப்படை நூல்கள் சில, ஆசிரியத் தொழிலை நாளுக்கு நாள் செய்துகொண்டே ஓய்வுநேரத்தில் ஊரூராய் அலைந்தவர்களால் ஆக்கப்பெற்றவை. வித்துவான் எவ். எக்ஸ். சி. நடராசா ஏட்டிற் கிடந்த 'மட்டக்களப்பு மான்மிய'த்தை 1962இற் பதிப்பித்தார். பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழக'த்தை வெளியிட்டார். நாட்டுப் பாடலையும் கண்ணகி வழக்கையும் கூத்தையும் ஊர்ப் பெயரையும் தேடித் தொகுக்கும் இத்தகைய வேலை, கூலி பேசிச் செய்விக்கக் கூடியதன்று. இன்று எத்தனையோ ஆசிரியர் பெயர் மறைந்துபோக, அவர்கள் பெயர் நிற்கின்றது. கூலிக்குச் செய்த வேலை அவர்களுக்குச் சோறு தந்தது. கூலியின்றிச் செய்த வேலை அவர்களை அறிஞராக்கிற்று.

கல்லடி உப்போடைத் துறவி

இவ்வுண்மைக்கு மிகப் பெரிய சான்று சுவாமி விபுலானந்தர். காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனனார், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டித பரீட்சையிற் சித்தியெய்தினார். இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபரானார். அக்காலத்தில் ஒரு தமிழ் இளைஞன் எட்டக்கூடிய உயர்ந்த பதவிகளில் அஃது ஒன்று. இரண்டாண்டுகளில் அதனை விடுத்துச் சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்திற் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டு, அடுத்த ஆண்டு இலங்கைக்கு மீண்டார்.

உலகியல் நோக்கில் அவர் வாழ்வு அங்கே முடிந்தது என்றே உற்றார் பலரும் எண்ணியிருப்பர். நடந்தது யாது? மடத்திலே அவர்க்கு இடப்பட்ட தொண்டுகளில் ஒன்று 'இராமகிருஷ்ண விஜயம்', 'வேதாந்த கேசரி' என்னும் இதழ்களின் ஆசிரியப் பணி. ஒன்று தமிழ், மற்றது ஆங்கிலம். மாதந்தோறும் இரு மொழியிலும் எழுதிப் பழகிய கை, எந்தப் பொருளையும் தெளிவுறச் சொல்லும் உரைநடையைத் தேடிக்கொண்டது. இலங்கையில் இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை நிருவகிக்கும் பொறுப்பு அவர் தோளில் ஏறிற்று. 1929இற் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயம் எழுந்தது. கட்டடமும் ஆசிரியர் சம்பளமும் பிள்ளைகள் உணவும் என்று நாள்தோறும் கவலை. அக்கவலையினூடே நிருவாகம் கற்றார்.

1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் அவரைத் தன் முதல் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. அதிபர் பதவியை உதறியவரை இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களின் முதற் கதிரைகள் தேடிவந்தன. தொண்டுக்கு வந்தோர் அனைவர்க்கும் கதிரை கிடைக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. ஏவிய பணியெல்லாவற்றையும் செய்து செய்து அவர் பெற்ற பல்திறப் புலமையே அக்கதிரைகளுக்கு அவரைத் தகுதியாக்கிற்று என்பதே கருத்து. விஞ்ஞானமும் கணிதமும் தமிழும் இசையும் ஒருவரிடத்தே கூடியிராவிடில் 'யாழ் நூல்' பிறந்திராது. அந்நூல் 1947ஆம் ஆண்டு ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார்.

அண்ணாமலை நகரிற் பேராசிரியராயிருந்தபோதும் மாலை வேளைகளில் அயலிலுள்ள திருவேட்களத்துத் தாழ்த்தப்பட்ட மக்களின் குடியிருப்புக்குச் சென்று பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தார் என்று அவர் வரலாறு கூறுவோர் குறிப்பர். பகலிலே சிலப்பதிகாரம் கற்பித்தவர் மாலையில் அகரம் கற்பித்தார். இதனைக் கருணை என்று மட்டும் புகழ்ந்து விடுதல் போதாது. அகரம் கற்பிக்கத் தெரிந்தவனே காப்பியம் கற்பிக்கத் தெரிந்தவன் என்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளோர் அறிவர்.

பிரம்பும் இடாப்பும் இல்லாத வகுப்பு

ஆசிரியர்க்குத் தொண்டு தரும் ஊதியத்தை என் சிறிய அனுபவத்திலிருந்தும் ஒருவாறு சொல்லலாம். வாவிக்கரைக் கிராமம் ஒன்றின் வாசிகசாலையிற் பல ஆண்டுகளாகச் சனிக்கிழமை மாலைகளில் இலவச வகுப்பு நடத்தி வருகின்றேன். பாடசாலையில் மணி அடிக்கின்றது, இடாப்பு அழைக்கப்படுகின்றது, பரீட்சை வருகின்றது. பிள்ளை விரும்பினும் விரும்பாவிடினும் வாங்கில் இருந்தே ஆகவேண்டும். வாசிகசாலையில் இவை எவையுமில்லை. பாடம் சுவைக்காவிட்டால் அடுத்த சனிக்கிழமை அவன் கரையில் நின்று தூண்டில் போடுவான். ஆகவே, பிள்ளையை இருத்தும் வலிமை பாடத்துக்கு மட்டுமே உண்டு. அதிகாரம் இல்லாத இடத்திற் கற்பித்துப் பாருங்கள். கற்பித்தல் என்றால் யாது என்று விளங்கும். அங்கே பழகிய முறைகளைத் திங்கட்கிழமை கல்லூரி வகுப்பிற் கையாள்வேன்.

மற்றொன்று, அப்பிள்ளைகள் எனக்குக் கற்பித்தது. காற்றுக்களைப் பற்றிய பாடம் நடந்த ஒரு நாள், கொண்டல் என்பது கீழ்காற்று, வாடை என்பது வடகாற்று என்று நிகண்டு வழியே விளக்கத் தொடங்கினேன். தோணிக்காரர் பிள்ளைகளுக்கு அவை புத்தகச் சொற்களே அல்ல. எந்த மாதம் எது வீசும், அப்போது எந்த மீன் படும், கச்சான் எழுந்தால் வலையை என்ன செய்வர், சோளகம் எப்போது தணியும் என்று ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். நிகண்டிலே நான் மனனஞ் செய்திருந்த சொல்லுக்கு அவர்கள் உடம்பும் உப்பும் கொடுத்தார்கள். அன்று தொடக்கம் அவ்வகுப்புக்கு ஒரு குறிப்புப் புத்தகத்துடனேயே செல்கின்றேன். பண்டிதனுக்கு இதனினும் மேலான ஊதியம் வேறு யாது?

உள்ளத்துக்கு வரும் ஊதியமும் சிறிதன்று. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர் பலர், தம்மைத் தேடி எவரும் வருவதில்லையென்று மெலிவதைக் காண்கின்றோம். வாரம் ஒருநாளேனும் ஓரிடத்திற் காத்திருக்கும் பிள்ளைகள் உள்ளவனுக்கு அம்மெலிவு அணுகாது. மேலும், நம் நாட்டிலே தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் ஒன்றையடுத்து ஒன்றாய் அமைந்தவை. இடையிலே பகை மூண்ட ஆண்டுகளும் உண்டு. இரு ஊர்ப் பிள்ளைகளும் ஒரே பாயில் அமர்ந்து படிக்கும்போது அவர்தம் பெற்றோர் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்குகின்றனர். மேடைப் பேச்சு செய்யாததைப் பாய் செய்கின்றது.

பேரிடரும் பிற நாடும்

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை கல்லடியையும் நாவலடியையும் ஏனைய கரையோர ஊர்களையும் அழித்தபோது, பாடசாலைகளும் கோயில்களும் பள்ளிவாசல்களும் அகதி முகாம்களாயின. அங்கே முதலிற் கைகொடுத்தவர் அயலூர் இளைஞர். பெயர்ப் பட்டியல் எழுதினர்; கஞ்சி காய்ச்சினர்; காணாமற் போனோரைத் தேடினர். பொருட்களைக் கணக்கு வைத்துப் பங்கிடுதல், மூன்று மொழியிலும் பேசுதல், துயருற்றோரிடம் அமைதியாகக் கேட்டல் முதலியவற்றை அவர்கள் அந்நாட்களிற் கற்றனர். பின்னர்ப் புனரமைப்புப் பணிகளுக்கு ஆட்கள் தேவைப்பட்டபோது, இவ்வனுபவத்தால் வேலை பெற்றோர் பலர். முகாமில் அரிசிமூட்டை சுமந்த நாளில் அவர்கள் நினைத்திராத பயன் அது.

தொண்டு கற்பிக்கும் என்பதைப் பிறரும் கண்டனர். முதலாம் உலகப் போர் ஓய்ந்தபின், 1920இல் சுவிற்சர்லாந்து நாட்டவரான பியேர் செரசோல் என்பார் பகை நாடுகளின் இளைஞரை ஒருங்கு கூட்டிப் பிரான்சில் வேர்டன் நகரை அடுத்த ஒரு சிற்றூரை மீளக் கட்ட முனைந்தார். இன்று உலகெங்கும் நடைபெறும் தொண்டர் வேலை முகாம்களுக்கு அது முன்னோடி. நம் நாட்டிலே 1958இற் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. ரி. ஆரியரத்தின, தம் மாணவரைக் குருநாகல் மாவட்டத்துக் கனத்தொலுவ என்னும் ஒதுக்கப்பட்ட சிற்றூருக்கு அழைத்துச் சென்று அவ்வூராரோடு தங்கி வேலை செய்வித்தார். அதிலிருந்தே சர்வோதய சிரமதான இயக்கம் வளர்ந்தது. நகரத்து மாணவன் தன் நாட்டைக் கற்க வேண்டும் என்பதே அவ்வாசிரியர் நோக்கம். சிரமதானம் என்பது இருவழிப் பாடம் என்று அவர் கண்டார்.

தொண்டர் ஆசிரியர்

இதுவரை ஊதியத்தைப் பேசினோம். இனி, பேசாது விடலாகாத ஒன்றையும் பேசவேண்டும். கிழக்கிலும் வடக்கிலும் 'தொண்டர் ஆசிரியர்' என்றொரு பெயர் வழக்கிலுண்டு. போர்க்காலத்திற் பின்தங்கிய கிராமங்களுக்கு ஆசிரியர் செல்லாத ஆண்டுகளில், அவ்வவ்வூரிற் படித்த இளைஞரும் யுவதிகளும் முன்வந்து பாடசாலைகளைத் திறந்து வைத்திருந்தனர். சம்பளம் இல்லை, அல்லது ஊரார் சேர்த்துக் கொடுத்த சிறு தொகை. அவர்கள் இல்லையேல் படுவான்கரையிற் பல பாடசாலைகளின் கதவு மூடியே கிடந்திருக்கும். போர் ஓய்ந்தபின், நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் அமரவேண்டியதாயிற்று. சிலர்க்குக் கட்டங் கட்டமாக நியமனம் கிடைத்தது. சிலர் வயதெல்லையைக் கடந்துவிட்டனர். சிலர்க்கு வரவு இடாப்பிற் பெயர் இல்லை என்ற விடையே கிடைத்தது.

"தொண்டு என்று வந்தவர் சம்பளம் கேட்பது முறையா?" என்று வினவியோரும் உளர். அவ்வினா தவறானது. ஒரு பருவம், ஓராண்டு செய்வது தொண்டு. பத்தாண்டு, முழு நாளும், முழுப் பொறுப்போடும் செய்வது உத்தியோகம். அதற்குக் கூலி கடமையாகும். தொண்டின் ஊதியத்தைக் காட்டிக் கூலியை மறுப்பது, வெட்டிய வேளாண்மையைக் களவெட்டியிலே விட்டு, வெட்டியவனை வெறுங்கையோடு அனுப்புவது போன்றது. போடியார் எவரும் அப்படிச் செய்து ஊரில் தலைநிமிர்ந்து நடந்ததில்லை.

வள்ளுவர் இவ்வறத்துக்கு இட்ட பெயரை நினைத்துப் பாருங்கள்: ஒப்புரவறிதல். உலகநடையோடு ஒத்து, செய்யத் தக்கதை அறிந்து செய்தல். கொடுப்பவன் மட்டும் அறிந்தாற் போதாது, கொள்பவனும் அறியவேண்டும். ஊருணியையும் பயன்மரத்தையும் அவர் உவமை காட்டினார். ஊருணியில் நீர் மொள்பவர்க்கு அதனைத் தூர்வாரும் கடமையும் உண்டு. பழம் பறிப்பவன் மரத்தின் கிளையை முறிக்கலாகாது.

செய்யத் தக்கன

ஆகவே, தொண்டுக்கு வர விரும்பும் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் சில சொல்வேன். சிறிய பணியை எடுங்கள். நாளையும் நேரத்தையும் வரையறுங்கள். எடுத்ததை இடையில் விடாதீர்கள். மாதம் ஒருமுறை பெருங்கூட்டமாகச் சென்று படம் எடுத்து மீள்வதிலும், வாரம் ஒருமணி நேரம் ஒருவராகச் சென்று இருத்தல் மேலானது. உங்கள் துறைக்கு அண்மையான தொண்டைத் தேடுங்கள். கணக்கியல் கற்பவர் கோயிற் கணக்கை ஒழுங்கு செய்யலாம். தமிழ் கற்பவர் ஊரிலுள்ள முதியோரின் பாட்டையும் கதையையும் ஒலிப்பதிவு செய்து எழுதி வைக்கலாம். அவர்கள் மறைந்தால் அவையும் மறையும். செய்ததை நாட்குறிப்பில் எழுதுங்கள். அக்குறிப்பு, சான்றிதழினும் நீண்ட நாள் பயன்தரும்.

தொண்டரைக் கொள்ளும் பாடசாலைக்கும் சங்கத்துக்கும் சொல்வது இது: வந்தவர் பெயரை முதல் நாளே பதிவேட்டில் எழுதுங்கள். வழிச்செலவு கொடுங்கள். எப்போது முடியும் என்பதை முன்னரே கூறுங்கள். முடிந்தபோது, செய்த பணியை உள்ளபடி எழுதி ஒப்பமிட்டுக் கொடுங்கள். முழுநாள் ஆள் வேண்டுமென்றால், நியமனமும் சம்பளமும் தேடிக் கொடுங்கள். தொண்டரைக் கொண்டு அவ்விடத்தை நிரப்பாதீர்கள். பதிவேட்டில் ஒரு வரி எழுதப்படாமையால் ஒருவர் இளமை முழுவதும் கணக்கிலில்லாமற் போனதை இந்நாடு கண்டிருக்கின்றது. அது மீண்டும் நிகழலாகாது.

படுவான்கரையிற் கணிதத்துக்கும் ஆங்கிலத்துக்கும் ஏங்கும் பிள்ளைகள் இன்றும் உளர். பணம் கொடுத்துத் தனியார் வகுப்புக்குச் செல்ல அவர்களால் இயலாது. சில துறைகளுக்குப் பாலம் வந்துவிட்டது. அங்கே முன்போல் தோணிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் பல்கலைக்கழக மாணவர் இருவரும் ஓர் ஊரை ஏற்றுக்கொண்டாற் போதும். கூலி இல்லை என்பதை முதலிலேயே சொல்லி விடுகின்றேன். ஊதியம் எவ்வளவு என்பதை, சென்று வந்தவர்கள் பின்னர் எனக்குச் சொல்லட்டும்.